எல்லோரும் 0.177 வாங்குவது ஏன்?

கேள்வி: "ஐயா, மூன்று ஏக்கரில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் மானாவாரியாகப் போட்டிருக்கிறேன். காப்புக்காடு ஒன்றரை கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கதிர் பால் பிடிக்கிற சமயம் பார்த்து காட்டுப்பன்றிகள் கூட்டமாக இறங்கிவிடுகின்றன. போன போகத்தில் ஒரு ஏக்கர் சோளம் ஒரே வாரத்தில் போய்விட்டது. நகைக்கடன் இன்னும் திருப்பவில்லை. ஏர்கன் வாங்கலாம் என்றிருக்கிறேன். டவுன் கடையில் 0.177 மட்டும்தான் இருக்கிறது. சந்தையில் பழக்கமான ஒருவர், '0.177 பலூன் சுடத்தான் ஆகும், வெளிநாட்டில் வேட்டைக்காரர் எல்லாம் 0.22தான் வைத்திருக்கிறார்கள், பன்றிக்கு அதுதான் சரி, நான் வரவழைத்துத் தருகிறேன்' என்கிறார். எதை வாங்குவது?" - பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: சந்தைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நம்பினால் இந்த விவசாயி சோளத்தோடு சேர்த்துத் தன்னையும் இழக்க நேரிடும்.

0.177, 0.22 என்பவை துப்பாக்கிக் குழலின் உள்விட்டத்தை அங்குலத்தில் சொல்லும் எண்கள். 0.177 என்றால் 4.5 மி.மீ., 0.22 என்றால் 5.5 மி.மீ. இவை தவிர 5 மி.மீ. அளவுள்ள 0.20, 6.35 மி.மீ. அளவுள்ள 0.25 ஆகியவையும் உண்டு. உலகம் முழுவதும் ஏர்கன் பிடிப்பவர்கள் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றைத்தான் வைத்திருப்பார்கள். ஆனால் எந்த நாட்டில் எது அதிகம் விற்கிறது என்பதைத் துப்பாக்கியின் தரம் தீர்மானிப்பதில்லை. எதைச் சுடுகிறார்கள், அந்த நாட்டுச் சட்டம் எவ்வளவு விசையை அனுமதிக்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன.

முதலில் விளையாட்டு. ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர்ரைபிள் போட்டி 1984 லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து நடக்கிறது. அதில் 4.5 மி.மீ. தவிர வேறு அளவுக்கு இடமே இல்லை. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012-ல் லண்டனில் சென்னையில் பிறந்த ககன் நரங் வெண்கலம் வாங்கியதும் இந்த 0.177-ல்தான். அந்தப் போட்டியின் இலக்கில் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். கேழ்வரகு மணியை விடச் சிறியது. பத்து மீட்டரில் நின்று அதைத் தொட வேண்டிய விளையாட்டுக்குப் பெரிய குண்டும் பெரிய விசையும் தேவையில்லை. சின்னக் குண்டு, குறைந்த அதிர்வு, மலிவான ஈயம் போதும். உலகம் முழுக்க விளையாட்டு வீரர்கள் ஒரே அளவைப் பிடித்துக்கொண்டதால் அந்த அளவில்தான் துப்பாக்கியும் குண்டும் அதிகம் தயாராகின்றன. ஊர்த் திருவிழாவில் பலூன் சுடும் கடையில் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கும் துப்பாக்கியும் பெரும்பாலும் இதே அளவுதான்.

அடுத்து வேட்டை. இங்கேதான் சந்தைக்காரரின் பாதி உண்மை வருகிறது. இங்கிலாந்தில் முயலும் புறாவும் சுடுகிறவர்களிடம் 0.22 வெகுகாலமாகப் பிரபலம். 'இறகுக்கு 0.177, ரோமத்துக்கு 0.22' என்று அங்கே பழைய பேச்சே உண்டு. ஆனால் அங்கும் சாதாரண ஏர்ரைபிளின் விசைக்கு உச்சவரம்பு இருக்கிறது. 1969-ல் வந்த விதிப்படி அது 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூலுக்குக் கொஞ்சம் மேல். அந்த விசைக்குள் இருந்துகொண்டு எந்தக் குண்டு நல்லது என்பதுதான் அவர்களுடைய வாக்குவாதம்.

ஜூல் என்றால் புரியாதவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோ எடைக்கல்லை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து கீழே விட்டால், தரையில் விழும்போது அதற்கு ஏறக்குறைய 20 ஜூல் இருக்கும்.

இப்போது 16 ஜூல் விசையில் இரண்டு குண்டுகளையும் ஒப்பிடலாம். 0.177-ல் அரை கிராமுக்குச் சற்று அதிகமான குண்டு வினாடிக்குச் சுமார் 240 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 0.22-ல் ஒரு கிராம் குண்டு சுமார் 177 மீட்டர் வேகத்தில் கிளம்பும். உண்டிவில்லில் ரப்பர் ஒன்றேதான். சின்னக் கல் வைத்தால் வேகமாகப் போகும், பெரிய கல் வைத்தால் மெதுவாகப் போகும். கல் பெரிதாயிற்று என்று ரப்பருக்குப் பலம் கூடிவிடாது. மெதுவாகப் போகும் 0.22 குண்டு வழியில் அதிகம் தாழும். முப்பது மீட்டரில் 0.177 குண்டு எவ்வளவு தாழுமோ, அதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு இது தாழும். தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் குறி தப்பும். அதனால்தான் வெவ்வேறு தூரத்தில் தகடுகளை வைத்துச் சுடும் 'ஃபீல்டு டார்கெட்' போட்டிக்காரர்கள் பெரும்பாலும் 0.177-க்கே போகிறார்கள். முயல் சுடுகிறவர் 0.22-ஐ விரும்புவதற்கும் காரணம் இருக்கிறது. குறி சரியாகப் பட்டால் அகலமான, கனமான குண்டு உடலுக்குள் தன் விசையை நன்றாக இறக்கும். முயல் இரண்டு கிலோ இருக்கும். அதன் மண்டை ஓடு மெல்லியது. அவ்வளவுதான் அந்த 0.22-ன் பெருமை.

ஜெர்மனியில் உரிமம் இல்லாத ஏர்கன்னுக்கு 7.5 ஜூல்தான் வரம்பு. அவ்வளவு குறைந்த விசையில் பெரிய குண்டு தள்ளாடும். அங்கே 4.5 மி.மீ. ஆட்சி செய்வதில் வியப்பில்லை. அமெரிக்காவில் தேசிய அளவில் அப்படி ஒரு விசை வரம்பு கிடையாது. அதனால் அங்கே வேட்டைக்காரர்கள் 0.22-லிருந்து 0.25-க்கு நகர்ந்துகொண்டே போகிறார்கள். உருளையில் அழுத்திய காற்றை அடைத்துச் சுடும் துப்பாக்கிகள் பெருகிய பிறகு 0.25-ன் மவுசு கூடியது. 0.20 மட்டும் எங்கும் பெரிய கூட்டம் சேர்க்கவில்லை. 1947 முதல் ஷெரிடன் என்ற அமெரிக்க நிறுவனம் அந்த அளவில் துப்பாக்கி செய்தது. நல்ல துப்பாக்கிதான். ஆனால் குண்டு எல்லாக் கடையிலும் கிடைக்காது. விதை நன்றாக இருந்தும் சந்தை இல்லாத ரகத்தின் கதை அது.

கேள்வி கேட்டவருக்கு இதில் முக்கியமான இடம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் காட்டுப்பன்றியை ஏர்ரைபிளால் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இருப்பது 0.22 அல்ல. 0.357, 0.45, 0.50 என்று விரல் நுழையும் குழல்கள். அவற்றின் விசை நூற்றுக்கணக்கான ஜூல். வளர்ந்த ஆண் பன்றியின் தோளில் தோலுக்கு அடியில் தடித்த கேடயம் போன்ற பகுதி இருக்கிறது. பன்றிகள் ஒன்றோடொன்று மோதும்போது தந்தத்தின் குத்தையே அது தாங்கும். பன்னிரண்டு போர் தோட்டாத் துப்பாக்கியின் விசை 2,000 ஜூலுக்கு மேல். அதையும் 20 ஜூலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சந்தைக்காரரின் 'பன்றிக்கு அதுதான் சரி' என்ற பேச்சு எவ்வளவு என்று தெரியும். 0.177-ஓ 0.22-ஓ, அந்தக் குண்டு பன்றியைக் கொல்லாது. காயப்படுத்தும். புண் சீழ் வைத்து வாரக்கணக்கில் அலையும் பன்றி, விடியற்காலையில் தண்ணீர் பாய்ச்சப் போகும் ஆளை வரப்பில் பார்த்தால் ஒதுங்கிப் போகாது.

நம் நாட்டுக் கடைகளில் 0.177 மட்டுமே தொங்குவதற்கு விளையாட்டு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சட்டம். 2016 ஆம் ஆண்டின் ஆயுத விதிகள்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்குள்ளும் விசை 20 ஜூலுக்குள்ளும் இருக்கும் ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று தாண்டினாலும் உரிமம் வேண்டும். ஆக, இந்தியாவில் 0.177 பிரபலமாக இருப்பது சுடுகிறவர்கள் ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் அல்ல. உரிமம் இல்லாமல் வாங்கக்கூடியது அது ஒன்றுதான் என்பதால். உரிமம் இன்றி 0.22 ஏர்ரைபிள் வைத்திருந்தால், அது ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான சிறைத் தண்டனை குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. 'வரவழைத்துத் தருகிறேன்' என்று சொன்னவர் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க மாட்டார்.

இன்னொரு வழியும் கிராமங்களில் நடக்கிறது. 0.177-ஐ வாங்கி, பட்டறையில் கொடுத்துக் கடினமான ஸ்பிரிங் போட்டுக்கொள்கிறார்கள். விசை 20 ஜூலைத் தாண்டினால் அதுவும் உரிமம் தேவைப்படும் ஆயுதம்தான். தாண்டியதா இல்லையா என்று பட்டறைக்காரருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. தாத்தா காலத்து 0.22 பரணில் கிடக்கிறது என்பவர்கள் அதை எடுத்துத் துடைத்துப் பார்ப்பதற்கு முன் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் தெரிவித்து வழி கேட்பது நல்லது. கடையில் சட்டப்படி வாங்கும் 0.177-க்கும் பில்லைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். குழல் விட்டமும் விசையும் அதில் எழுதப்பட்டிருந்தால் இன்னும் நல்லது.

துப்பாக்கி சட்டப்படி சரி என்றாலும், சுடுவது சரியாகிவிடாது. காட்டுப்பன்றி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2-ம் அட்டவணையில் இருக்கிறது. மயில் 1-ம் அட்டவணை. அந்தச் சட்டத்தில் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல. கொல்ல முயல்வதும் காயப்படுத்துவதும் அதில் அடங்கும். குறி தப்பினாலும் குற்றம்தான். மயில் விஷயத்தில் தண்டனை 3 ஆண்டிலிருந்து 7 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். ஒரு காலத்தில் காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றைத் தொல்லை உயிரினங்கள் என்று தனி அட்டவணையில் வைத்திருந்தார்கள். 2022 திருத்தம் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டது. பழைய நினைப்பில் கொய்யாத் தோப்பில் வௌவால் சுடக் கிளம்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

'உயிருக்கு ஆபத்து என்றால் சுடலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறதே' என்று சிலர் கேட்பதுண்டு. இருக்கிறது. தன்னையோ மற்றொரு மனிதரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு செய்தால் குற்றமில்லை. அது ஆளைக் காப்பதற்கு. சோளத்தைக் காப்பதற்கு அல்ல. ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரவும் இடமிருக்கிறது. அந்த உரிமம் துப்பாக்கியை வைத்திருக்கத்தான். வன உயிரினத்தைச் சுட அது அனுமதி ஆகாது.

கிருஷ்ணகிரிக்குக் கேரளா வெகுதூரம் என்றாலும் அங்கே பன்றி சுடுகிறார்கள் என்ற செய்தி இங்கே வந்து சேர்ந்திருக்கும். அங்கே 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி தரும் அதிகாரம் கொடுத்திருக்கிறார்கள். சுடுவது உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள், ஏர்கன்காரர்கள் அல்ல. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாடு வேறு. காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ.க்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கி.மீ. தாண்டி வருவதைச் சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும். கேள்வி கேட்டவரின் நிலம் ஒன்றரை கி.மீ.யில் இருக்கிறது. அவர் கேட்க வேண்டியது துப்பாக்கி அல்ல, கூண்டு. சேதமான கதிரைப் புகைப்படம் எடுத்து, சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து கொடுத்தால் அந்த மனு சீக்கிரம் நகரும். இழப்பீட்டு மனுவையும் அதே நாளில் கொடுத்துவிட வேண்டும். சேதமான தட்டையை அறுத்து மாட்டுக்குப் போட்ட பிறகு யார் வந்து பார்த்தாலும் மதிப்பிட எதுவும் இருக்காது.

துப்பாக்கிக்கு ஒதுக்கிய பணத்தை வேலியில் போடலாம். மக்காச்சோளத்தைச் சுற்றி நெருக்கமாக ஆமணக்கும், நிலக்கடலையைச் சுற்றி முள்ளுள்ள குசும்பாவும் நாலு வரிசை விதைப்பது பன்றி நுழைவதைக் குறைக்கும். ஆனால் சோளம் பால் பிடிப்பதற்குள் ஆமணக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்பதால் முன்கூட்டியே விதைத்தாக வேண்டும். சோலார் வேலி போடுவதானால், காட்டை ஒட்டிய பகுதிகளில் 2023 விதிகள்படி வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் கொடுப்பது பற்றிப் பேசவே வேண்டாம். அதில் செத்தது பன்றி மட்டுமல்ல என்பது எல்லா ஊருக்கும் தெரியும்.

வீட்டில் ஏற்கெனவே 0.177 இருக்கிறது என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உரிமம் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. தோலைத் துளைக்க வேண்டிய வேகத்தைவிட மிகக் குறைந்த வேகத்திலேயே குண்டு கண்ணைத் துளைத்துவிடும். கல்லிலும் பம்ப்செட் இரும்பிலும் பட்டுத் திரும்பி வரும் குண்டுக்கும் அந்த வேகம் இருக்கும். மாட்டுத் தொழுவச் சுவரில் சாய்த்து வைக்கும் பொருள் அல்ல அது.

கேள்வி: "என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஊர்த் திருவிழாவில் பலூன் சுட்டதிலிருந்து துப்பாக்கிச் சுடுதல் கற்க வேண்டும் என்கிறாள். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் படத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறாள். ஏர்கன் வாங்கித் தரலாமா, எந்த அளவு?" - வாசகி, விருத்தாசலம்.

பதில்: அளவைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், 0.177 மட்டும்தான். இளவேனில் சுடுவதும் அதே 4.5 மி.மீ.தான். ஆனால் உடனே வாங்க வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கி சுடும்போது குலுங்கும். போட்டிக்கான துப்பாக்கி அழுத்திய காற்றில் இயங்குவது, குலுங்காது, விலை லட்சங்களில் போகும். முதலில் மாவட்ட ரைபிள் கிளப்பில் சேர்த்து, அங்குள்ள துப்பாக்கியில் பழகவிட வேண்டும். பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் சாதாரண குறிமுனையோடு சுடும் ஓபன் சைட் பிரிவு உண்டு. தொடங்க அது போதும். பெரிய போட்டியில் 75 நிமிடத்தில் 60 குண்டு சுட வேண்டும். அசையாமல் நிற்கிற பொறுமை மகளுக்கு இருக்கிறதா என்பது இரண்டு மாதத்தில் பயிற்சியாளருக்குத் தெரிந்துவிடும். குண்டு வாங்கும்போது தலை தட்டையானதாகக் கேட்டு வாங்க வேண்டும். அதுதான் காகிதத்தில் கிழியாமல் வட்டமாகத் துளை போடும், மதிப்பெண் எண்ணுவது எளிது. பெரும்பாலான குண்டுகள் ஈயம். சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மகளுக்குத் தின்பண்டம் கொடுக்க வேண்டும்.